இரவில் படகை நெருங்குகிறவர்கள்: தற்காப்புக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

செம்பூர் கண்ணன் | நவம்பர் 17, இரவு 9.12

மும்பையில் சொந்தப் பாய்மரப் படகு வைத்திருக்கும் தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலர் இங்கே இருப்பதால் எழுதுகிறேன்.

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து வாங்கிய பழைய 28 அடிப் படகு எங்களுடையது. மழைக்காலம் முழுவதும் கரையேற்றி வைத்திருந்து, அக்டோபர் கடைசியில் தண்ணீரில் இறக்கினோம். போன வாரம் மனைவியையும் பதினோரு வயது மகளையும் அழைத்துக்கொண்டு தெற்கே போனேன். காஷித்தில் ஓர் இரவு. மறுநாள் ஜஞ்சிரா கோட்டையைச் சுற்றிக்கொண்டு ராஜபுரி கழிமுகத்தில் நங்கூரம் பாய்ச்சினோம். காற்று அடங்கி, தண்ணீர் குளம்போல் கிடந்தது.

இரவு இரண்டரை மணி இருக்கும். படகின் பக்கவாட்டில் மரம் உரசும் சத்தம். மேலே ஏறிப் பார்த்தேன். விளக்கில்லாத மரப்படகு ஒன்று, எஞ்சினை அணைத்துவிட்டு எங்கள் பின்பக்கத்தோடு ஒட்டி நின்றது. நான்கு பேர். ஒருவன் எங்கள் டிங்கிக்குள் (கரைக்குப் போய்வரும் சிறு துணைப்படகு) இறங்கி அவுட்போர்டு மோட்டாரின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் டார்ச் அடித்ததும் இன்னொருவன் அரிவாள் போன்ற ஒன்றைத் தூக்கிக் காட்டினான். ஒரு வார்த்தை பேசவில்லை. மோட்டாரையும் பெட்ரோல் கேனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் டார்ச்சைப் பிடித்தபடி நின்றேன். திரும்பினால் கேபின் படிக்கட்டில் மகள் நின்றுகொண்டிருக்கிறாள்.

புகார் கொடுத்துவிட்டேன். மோட்டார் போனது போகட்டும். ஜனவரியில் கோவா வரைக்கும், சுமார் 220 கடல் மைல், இதே இருவரோடு போவதாகத் திட்டம். அடுத்த முறை அந்த அரிவாளுக்கு எதிரே என் கையில் என்ன இருக்க வேண்டும்? துப்பாக்கி உரிமம் கேட்கலாமா? மிளகுத் தெளிப்பான் போதுமா? மீன் குத்தும் ஈட்டித் துப்பாக்கி வைத்திருப்பதாக ஒரு நண்பர் சொன்னார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொலாபா ராஜன் | நவம்பர் 17, இரவு 9.48

கண்ணன், மூவரும் காயமில்லாமல் திரும்பியதே பெரிது. நான் சுற்றி வளைக்கவில்லை: உரிமம் எடுங்கள், ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்குங்கள்.

கரையில் திருடன் புகுந்தால் கூச்சல் போடலாம், பக்கத்து வீட்டார் கதவைத் திறப்பார்கள். கடலில் யார் திறப்பார்கள்? 2011 பிப்ரவரியில் குவெஸ்ட் என்ற பாய்மரப் படகு இதே மும்பையில் நின்றுவிட்டு ஓமானின் சலாலாவுக்குப் புறப்பட்டது. நான்கு அமெரிக்கர்கள், ஓய்வுபெற்ற வயதினர். நடுக்கடலில் சோமாலியக் கொள்ளையர் பிடித்தார்கள். அமெரிக்கப் போர்க்கப்பல்கள் பின்தொடர்ந்து வந்து, பேச்சுவார்த்தையும் நடந்தது. அத்தனையும் இருந்தும் நான்கு பேரும் படகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போர்க்கப்பல் கண்ணெதிரே நின்றும் காப்பாற்ற முடியாதபோது, தொலைபேசி எண்ணை நம்பி நான் குடும்பத்தைக் கடலுக்கு அழைத்துப் போக மாட்டேன்.

மாட்டுங்கா வழக்கறிஞர் | நவம்பர் 17, இரவு 11.05

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் முதலில் வைக்கிறேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆயுதம் வாங்குவது ஆபத்து.

துப்பாக்கிக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். "படகில் போகிறேன்" என்பதற்காகச் சலுகை எதுவும் இல்லை. உரிமம் எந்த மாநிலம் வரை செல்லும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். மும்பையில் எடுத்துக்கொண்டு கோவாவில் இறங்கும்போது அந்த வரி முக்கியமாகிவிடும். கத்தி விஷயத்திலும் கவனம் வேண்டும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுள்ள கத்திகள் ஆயுத விதிகளின் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவை அதில் சேரா. கயிறு அறுக்கும் கத்தி தொழில் கருவி. சுவரில் மாட்டியிருக்கும் குத்துவாளை அப்படிச் சொல்லி நியாயப்படுத்த முடியாது.

இனி தற்காப்பு உரிமை. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் இதைச் சொல்கின்றன. பலருக்குத் தெரியாத ஒன்று இதில் உண்டு: மனிதர் குடியிருக்கப் பயன்படும் கலத்தையும் சட்டம் வீடு போலவே பார்க்கிறது. உங்கள் கேபினுக்குள் ஒருவன் அத்துமீறி நுழைந்தால் அது வீடு புகுதல். சூரியன் மறைந்ததற்கும் உதிப்பதற்கும் இடையில் உடைத்துக்கொண்டு புகுந்தால் உங்கள் உரிமை இன்னும் விரிகிறது. குடியிருக்கும் கலத்துக்குத் தீ வைப்பவனிடமும் அப்படியே.

ஆனால் டிங்கியிலிருந்து மோட்டாரைக் கழற்றுகிறவன் செய்வது வெறும் திருட்டு. உயிருக்கோ உடலுக்கோ பெருங்கேடு வரும் என்று நியாயமாக அஞ்ச இடமில்லாதவரை, அதற்காக ஒருவனைக் கொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. அரிவாளைக் காட்டியது அந்த அச்சத்துக்கு இடம் தருமா என்பதை நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வாதாட வேண்டியிருக்கும். தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்பது எல்லா நிலையிலும் பொருந்தும்.

மிளகுத் தெளிப்பானுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் 2024 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம், உயிருக்கு ஆபத்து இல்லாத தகராறில் அதைப் பயன்படுத்தியவர்கள் மீதான வழக்கை ரத்து செய்ய மறுத்துவிட்டது. அதை அபாயகரமான ஆயுதம் என்றே குறிப்பிட்டது.

முத்துநகர்த் தண்டல் | நவம்பர் 18, காலை 6.20

தம்பி கண்ணன், நான் தூத்துக்குடியில் தோணியில் ஏறிக் கடல் கற்றவன். பிறகு முப்பது ஆண்டுகளாக மும்பையிலிருந்து பிறருடைய படகுகளைக் கோவாவுக்கும் கொச்சிக்கும் ஓட்டிச் சேர்க்கிறேன். எங்கள் ஊரில் தோணித் தலைவரைத் தண்டல் என்போம். இங்கே கோலி மீனவர்கள் தாண்டேல் என்கிறார்கள். ஒரே சொல்தான்.

உங்கள் மகள் படிக்கட்டில் நின்றதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் ராஜன் சொல்வதை ஏற்க மாட்டேன்.

குவெஸ்ட் படகில் ஏறியவர்கள் மொத்தம் 19 பேர். அவர்களிடம் ராக்கெட் குண்டு ஏவும் கருவிகூட இருந்தது. அதற்கு எதிரே இரட்டைக்குழல் என்ன செய்யும்? இரண்டு குண்டு. பிறகு?

ஆயுதத்தோடு எதிர்த்து நின்ற ஒருவரைச் சொல்கிறேன். நியூசிலாந்தின் பீட்டர் பிளேக், உலகமே மதித்த பாய்மரக் கடலோடி. அமெரிக்காஸ் கோப்பை என்ற பாய்மரப் படகுப் போட்டியை 1995இலும் 2000இலும் தன் நாட்டுக்கு வென்று தந்தவர். 2001 டிசம்பரில் அமேசான் ஆற்று முகத்தில், மக்காபா அருகே, அவருடைய படகில் முகமூடிக் கொள்ளையர் ஏறினார்கள். அவர் கீழே போய்த் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். ஒருவனுக்குக் கையில் பட்டது. பிறகு துப்பாக்கி சிக்கிக்கொண்டது. அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். படகிலிருந்த மற்றவர்கள் பிழைத்தார்கள். கொள்ளையர் கொண்டுபோனது ஒரு அவுட்போர்டு மோட்டார், சில கைக்கடிகாரங்கள், அப்படிப்பட்ட பொருட்கள். உங்களிடமிருந்து போனதும் அதே மோட்டார்தான், தம்பி. நீங்கள் டார்ச்சோடு நின்றதை வெட்கமாக நினைக்காதீர்கள். வேறெதுவும் செய்யாமல் இருந்ததால்தான் மகளோடு வீடு திரும்பினீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரவில் உங்களை நெருங்கும் படகுகளில் பத்துக்கு ஒன்பது எங்களைப் போன்ற மீனவர்களுடையவை. தண்ணீர் கேட்க வருவார்கள். மருந்து கேட்பார்கள். பெரும்பாலும் "எங்கள் வலை கிடக்கிறது, ஒதுங்கிப் போ" என்று சொல்லத்தான் விரைந்து வருவார்கள். கொங்கண் கரையில் டோல் வலையை, பை போன்ற நிலைவலையை, நட்டு வைத்திருப்பார்கள். உங்கள் சுக்கான் அதில் மாட்டினால் அவர்களுக்கு ஒரு பருவத்தின் சோறு போய்விடும். வேகமாக வரும் படகைக் கண்டு பயந்தவர்கள் சுட்டதை நாம் மறக்கலாமா? 2012 பிப்ரவரி 15, கேரளக் கடலில், எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு வந்த இத்தாலியக் கடற்படையினர் மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டார்கள். இறந்த இருவரில் ஒருவர் நம் குமரி மாவட்டத்து இளம் பையன். 10 கோடி ரூபாய் இழப்பீடு கொடுத்து 2021இல் வழக்கை முடித்தார்கள். பையன் வந்தானா?

இருட்டில், தூக்கக் கலக்கத்தில், அச்சத்தோடு துப்பாக்கியைப் பிடித்திருக்கிறவனுக்கு எல்லாப் படகும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

கொலாபா ராஜன் | நவம்பர் 18, காலை 8.02

ஐயா, உங்கள் மேல் மதிப்பு உண்டு. ஆனால் ராஜபுரியில் வந்தவர்கள் வலையைக் காக்க வரவில்லை, அரிவாளோடு வந்தார்கள். கோடியக்கரைக்குக் கிழக்கே நம் நாகப்பட்டினம் மீனவர்களை எத்தனை முறை கடற்கொள்ளையர் தாக்கியிருக்கிறார்கள்! ஜி.பி.எஸ்., வலை, செல்பேசி, டீசல் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு, வெட்டியும் அனுப்பியிருக்கிறார்கள். கொடுத்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்பது எப்போதும் உண்மையில்லை.

முத்துநகர்த் தண்டல் | நவம்பர் 18, காலை 8.40

உண்மை. எப்போதும் விட்டுவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் தளத்தில் கால் வைத்த பிறகு நமக்கு நல்ல வழி எதுவும் மிஞ்சாது என்கிறேன். கால் வைப்பதற்கு முந்தைய பத்து நிமிடத்துக்குத்தான் நாம் ஏற்பாடு செய்ய முடியும்.

கடலோடி மீனா | நவம்பர் 18, மாலை 7.31

நானும் என் தோழியும் 26 அடிப் படகில் இரண்டு பெண்களாகவே கொங்கண் கரை முழுவதும் போய்வருகிறோம். "ஆண்துணை இல்லாமலா?" என்று கேட்காதவர்கள் இல்லை. அதனால் இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன்.

மிளகுத் தெளிப்பான் வாங்கினேன். பழகிப் பார்க்காமல் எதையும் நம்பக்கூடாது என்று ஒரு நாள் நடுத் துறைமுகத்தில் காற்று வாட்டத்தில் அடித்துப் பார்த்தேன். பாயில் பட்டுத் திரும்பிய காற்று அதை அப்படியே என் முகத்துக்குக் கொண்டுவந்தது. நாற்பது நிமிடம் கண் திறக்க முடியவில்லை, சுக்கான் பிடியைத் தோழி வாங்கிக்கொண்டாள். கேபினுக்குள் அடித்தால் இன்னும் மோசம், உள்ளே இருப்பது நீங்களும் உங்கள் குழந்தையும்தானே. இப்போது அது என் கைப்பையில் கரையில் மட்டும் இருக்கிறது.

ஈட்டித் துப்பாக்கியை மறந்துவிடுங்கள். ஒரே ஒரு முறைதான் பாயும். பிறகு இழுத்துப் பூட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆடும் படகில் கயிற்றோடு பாயும் ஈட்டி யாரைக் குத்தும் என்று சொல்ல முடியாது.

நாங்கள் நம்புவது வேறு. சூரியன் சாய்ந்ததும் டிங்கியைத் தண்ணீரில் விடுவதே இல்லை. பாய் ஏற்றும் கயிற்றிலேயே மாட்டி, தளத்தின் உயரத்துக்குத் தூக்கிக் கட்டிவிடுவோம். அவுட்போர்டைக் கழற்றிப் பின்கம்பியில் பூட்டிவிடுவோம். கண்ணன் அண்ணா, உங்கள் மோட்டார் போனது அது தண்ணீர் மட்டத்தில், கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால்தான். குற்றம் சொல்வதாக எண்ண வேண்டாம். எங்களுக்கும் முதல் டிங்கி அப்படித்தான் போனது.

அடுத்தது சத்தம். 1896இல் மெகல்லன் நீரிணையில் தனியாக நின்ற ஜோஷுவா ஸ்லோகம், தளமெங்கும் தரைவிரிப்பு ஆணிகளைத் தூவிவிட்டுத் தூங்கினாராம். வெறுங்காலோடு ஏறியவர்கள் அலறிக்கொண்டு தண்ணீரில் குதித்தார்கள். யாரையும் கொல்லாமல் தன்னையும் எழுப்பிவிடும் காவல் அது. குழந்தை இருக்கும் படகில் ஆணி கூடாது. நான் என் பழைய பரத வகுப்புச் சலங்கையை எடுத்துவந்து பக்கக் கம்பியில் கட்டினேன். ஒவ்வோர் அலைக்கும் குலுங்கி, முதல் இரவே இருவரும் தூங்கவில்லை. பிறகு இடத்தை மாற்றினேன். பின்பக்க ஏணியருகே மெல்லிய தூண்டில் நரம்பைத் தளர்வாகக் குறுக்கே கட்டி, அதன் நுனி கேபினுக்குள் வருமாறு செய்து, சலங்கையை அங்கே தொங்கவிட்டேன். இப்போது யாராவது காலால் இழுத்தால்தான் ஒலிக்கும். மூன்று பருவமாக அதுதான் எங்கள் காவல்நாய். ஒரு முறை கடற்காகத்துக்காக எழுந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

பிறகு வெளிச்சம். பாய்மரத்தின் பாதி உயரத்தில் கீழ்நோக்கிப் பெரிய எல்.இ.டி. விளக்கு. அதன் பொத்தான் படுக்கைக்கருகில். அந்த ஒரு பொத்தானை அழுத்தினால் தளம் பகலாகிவிடும், அவர்கள் முகம் தெரியும், என் முகம் அவர்களுக்குத் தெரியாது. டார்ச் பிடித்தால் அதற்கு நேர் எதிர், நீங்கள் நிற்குமிடத்தை நீங்களே காட்டிக்கொடுக்கிறீர்கள். கையில் காற்றழுத்த ஹாரன். அது 120 டெசிபெல் ஒலிக்கும், கழிமுகம் முழுவதும் எழுந்துவிடும்.

கடைசியாகக் கதவு. கேபின் வாசல் பலகைகளுக்கு உட்பக்கம் எஃகுக் கம்பி போட்டிருக்கிறேன். யாராவது ஏறிவிட்டால் நாங்கள் மேலே போக மாட்டோம். உள்ளே இருந்து கூப்பிடுவோம். உடைக்க முயன்றால் உலர்பொடித் தீயணைப்பான் இருக்கிறது. எப்படியும் படகில் இருக்க வேண்டிய பொருள்தான். இடுக்கு வழியே வெளியே அடித்தால் எதிரே நிற்பவருக்குப் பார்வை மறையும், மூச்சுத் திணறும். அதுவரை போக வேண்டியிருந்ததில்லை.

முலுண்டு வானொலி | நவம்பர் 18, இரவு 10.14

மீனா அக்கா "உள்ளே இருந்து கூப்பிடுவோம்" என்கிறார். யாரை, எதனால் கூப்பிடுவது?

பலர் செல்பேசியை நம்புகிறார்கள். கரையோரம் 1554 கடலோரக் காவல்படைக்கும், 1093 கடலோரக் காவல் நிலையத்துக்கும் போகும். இரண்டையும் குழந்தைக்கும் மனப்பாடம் செய்துவையுங்கள். ஆனால் குன்றுக்குப் பின்னால் நின்றால் சிக்னல் இருக்காது.

நிலையாகப் பொருத்திய 25 வாட் வி.எச்.எஃப். வானொலியும் பாய்மர உச்சியில் ஆண்டெனாவும் வேண்டும். கையடக்கக் கருவி 5 வாட்தான், அதை மாற்றாக மட்டும் வையுங்கள். 16ஆம் அலைவரிசையில் கூப்பிட்டால் சுற்றியுள்ள எல்லாக் கப்பலும் கேட்கும், திருடனும் கேட்பான். அவன் கேட்பது நல்லதுதான். டி.எஸ்.சி. என்ற, அபாய அழைப்பைத் தானாக அனுப்பும் வசதி இருந்தால் சிவப்புப் பொத்தானின் மூடியைத் திறந்து சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். உங்கள் அடையாள எண்ணும் இருப்பிடமும் தாமாகப் போய்விடும். அடையாள எண்ணை முறையாகப் பதிவு செய்து, ஜி.பி.எஸ்.ஸை இணைத்திருந்தால்தான் இது நடக்கும். நான் பார்த்த படகுகளில் பாதிக்கு அந்த ஒயர் இணைக்கப்படவே இல்லை. இன்றே பாருங்கள்.

ஒரு கடும் எச்சரிக்கை: வெளிநாட்டு இணையதளங்களைப் படித்துவிட்டுச் சாட்டிலைட் போன் வாங்காதீர்கள். துராயா, இரிடியம் இரண்டும் இங்கே அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாதவை. கையடக்கச் சாட்டிலைட் செய்திக் கருவியோடு விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. 2008 நவம்பர் 26க்குப் பிறகு இதில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

செம்பூர் கண்ணன் | நவம்பர் 19, காலை 7.05

எல்லோருக்கும் நன்றி. தண்டல் ஐயா எழுதியதை மனைவிக்கும் படித்துக் காட்டினேன்.

இன்னும் ஒரு சந்தேகம். படகில் ஏற்கெனவே அபாய அறிவிப்புக்கான தீப்பந்தங்களும் பாராசூட் ராக்கெட்டுகளும் இருக்கின்றன. அவற்றை எதிரியை நோக்கிப் பிடிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்களே?

கடலோடி மீனா | நவம்பர் 19, காலை 7.50

வேண்டாம் அண்ணா. கைப்பந்தம் ஒரு நிமிடம் எரியும், உருகிய கசடு சொட்டும், கீழே விழுந்தாலும் அணையாது. உங்கள் படகு ஃபைபர், பாய் பாலியெஸ்டர், பின்னால் பெட்ரோல் கேன். முதலில் எரியப்போவது நீங்கள் நிற்கும் தளம். ராக்கெட் 300 மீட்டர் மேலே போய் நாற்பது விநாடி எரிவதற்காகச் செய்யப்பட்டது. அதை வானத்தை நோக்கி விடுங்கள். ராஜபுரி மாதிரியான இடத்தில் ஊரே வாசலுக்கு வந்துவிடும். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

கொலாபா ராஜன் | நவம்பர் 19, மதியம் 1.26

கரையோரத்துக்கு நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். சலங்கை யோசனையை நானே செய்துபார்க்கப் போகிறேன். ஆழ்கடலுக்கு? நான் அடுத்த ஆண்டு மஸ்கட் போக நினைக்கிறேன். 2010இல் கடற்கொள்ளை அபாயப் பகுதியின் எல்லையை 78 பாகை கிழக்கு வரை, நம் மேற்குக் கரை முழுவதும் உள்ளடங்கும்படி நீட்டினார்கள். 2015 டிசம்பரில் 65 பாகைக்குத் தள்ளினார்கள். 2023 ஜனவரியில் அந்தப் பகுதியையே நீக்கிவிட்டார்கள். நீக்கிய மறு ஆண்டே, கொள்ளையர் கடத்திய ரூவன் கப்பலை மீட்கப் போர்க்கப்பல் போக வேண்டியிருந்தது. 35 கொள்ளையரை ஐ.என்.எஸ். கொல்கத்தா இதே மும்பைக்குக் கொண்டுவந்து காவல்துறையிடம் ஒப்படைத்தது. ஆபத்து போய்விடவில்லையே.

மாட்டுங்கா வழக்கறிஞர் | நவம்பர் 19, மதியம் 2.40

ஆபத்து போகவில்லை என்பது சரி. ஆனால் ஆயுதத்தோடு ஆழ்கடல் போகிறவர் எந்தத் துறைமுகத்தில் நுழைந்தாலும் அதை அறிவிக்க வேண்டும். பல நாடுகளில் ஒப்படைக்க வேண்டும். மறைத்துப் பிடிபட்டால் கொள்ளையரைவிட நீளமான துன்பம்.

2022 ஆகஸ்ட் 18 நினைவிருக்கிறதா? ராய்கட் மாவட்டம் ஹரிஹரேஷ்வரில், ஆளில்லாத படகு ஒன்று மூன்று ஏ.கே. 47 துப்பாக்கிகளோடும் தோட்டாக்களோடும் கரை ஒதுங்கியது. மாநிலம் முழுவதும் எச்சரிக்கை, சாலைகளெங்கும் சோதனை. பிறகுதான் விவரம் தெரிந்தது. ஆஸ்திரேலியர் ஒருவருக்குச் சொந்தமான படகு. ஜூன் மாதம் ஓமானருகே எஞ்சின் பழுதாகி, ஆட்களை மீட்டபின் கைவிடப்பட்டு, இரண்டு மாதம் மிதந்து வந்திருக்கிறது. நீங்கள் படகைக் கைவிடும்போது துப்பாக்கி உங்களோடு வராது, ராஜன். கடல் அதை யார் வாசலில் போடும் என்று தெரியாது.

முத்துநகர்த் தண்டல் | நவம்பர் 19, மாலை 6.15

எங்கள் ஊரில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2013 அக்டோபரில் சீமேன் கார்டு ஓஹையோ என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை பிடித்துத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கட்டியது. கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் காவலர்களும் மாலுமிகளுமாக 35 பேர். துப்பாக்கிகளுக்கு உரிய இந்திய அனுமதி இல்லை என்று வழக்கு. 2016 ஜனவரியில் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை. 2017 நவம்பரில்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விடுதலை செய்தது. காக்கப் போனவர்களுக்கே நான்கு ஆண்டுகள் போயின. அவர்களில் இந்தியப் பையன்களும் இருந்தார்கள்.

ராஜன் தம்பி மஸ்கட் போவதானால் தனியாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று படகுகள் ஒருவரையொருவர் பார்க்கும் தூரத்தில் போங்கள். உங்கள் பாதையைக் கடலோரக் காவல்படைக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள். குவெஸ்ட் படகும் ஒரு கூட்டத்தோடு வந்து, மும்பைக்குப் பிறகு பிரிந்து தனியாகப் போனதுதான்.

இன்னொன்று கண்ணன் தம்பிக்கு. விளக்கில்லாமல் வருவது ரோந்துப் படகாகவும் இருக்கலாம். 2008இல் மும்பையைத் தாக்கிய பயங்கரவாதிகள் குபேர் மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதன் தாண்டேலையும் ஆட்களையும் கொன்றுவிட்டுத்தான் கொலாபாவில் வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு இந்தக் கரையில் தெரியாத படகைச் சோதிக்காமல் விட மாட்டார்கள். சீருடைக்காரரை நோக்கி எதையாவது நீட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். முதலில் விளக்கு. பிறகு குரல். "கோன் ஆஹே?" என்று மராத்தியில் உரக்கக் கேளுங்கள். மகளையும் கேட்கச் சொல்லிப் பழக்குங்கள். வந்த படகின் பக்கப்பலகையில் ஐ.என்.டி.-எம்.எச். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், அதை உரக்கப் படியுங்கள். நல்லவன் பதில் சொல்வான். கெட்டவன் தன் எண்ணைப் பிறர் படிப்பதை விரும்ப மாட்டான்.

மாலையில் நங்கூரம் போடும் முன் ஊருக்குள் இறங்கி ஒரு டீ குடியுங்கள். எந்த இடத்தில் வலை, எங்கே நின்றால் தொந்தரவில்லை என்று கேளுங்கள். ஊராருக்குத் தெரிந்த படகைத் தொடுவதற்கு ஊர்த் திருடன் யோசிப்பான்.

செம்பூர் கண்ணன் | டிசம்பர் 9, இரவு 8.55

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மோட்டார் கிடைக்கவில்லை. உரிமத்துக்கு விண்ணப்பிக்கவில்லை, விண்ணப்பிக்கப் போவதும் இல்லை.

போன வாரம் மறுபடி ராஜபுரிக்கே போனோம். மகள் வர மாட்டாள் என்று நினைத்தேன், அவள்தான் முதலில் பையைக் கட்டினாள். மாலையில் ஊருக்குள் போனோம். போன முறை நடந்ததைச் சொன்னதும் ஒரு முதிய தாண்டேல் வருத்தப்பட்டார். நான் நங்கூரம் போட்டிருந்த இடம் அவர்கள் வலை வரிசைக்கு மிக அருகே என்று மணலில் கோடு போட்டுக் காட்டினார். வந்தவர்கள் தன் ஊரார் இல்லை என்று அவர் உறுதியாகச் சொன்னார். நம்பினேன்.

இரவு ஒரு மணிக்கு ஒரு படகு வந்தது. நரம்பைத் தொடும் முன்பே எஞ்சின் சத்தம் கேட்டுவிட்டது. விளக்கைப் போட்டேன். என் குரல் எழும்புவதற்குள் கேபினுக்குள்ளிருந்து மகள் "கோன் ஆஹே?" என்றாள். இரண்டு பையன்கள். நிலக்காற்று எழுந்து எங்கள் நங்கூரம் நழுவுகிறது, வலைப் பக்கம் போகிறோம் என்று சொல்லத்தான் வந்திருந்தார்கள். பார்த்தால் உண்மையில் முப்பது மீட்டர் நழுவியிருந்தோம். அவர்களே கயிற்றைப் பிடித்து உதவினார்கள். அந்த நேரத்தில் என் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அதை நினைத்து விடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

கேபின் வாசலுக்கு மீனா சொன்னபடி எஃகுக் கம்பி போட்டுவிட்டேன். அணியத்து (படகின் முன்முனை) மேல்திறப்புக்கும் வெளியிலிருந்து திறக்க முடியாதபடி இரண்டு தாழ்ப்பாள் வைத்துத் திருகியிருக்கிறேன்.

முத்துநகர்த் தண்டல் | டிசம்பர் 10, காலை 5.50

மனம் நிறைந்தது தம்பி. மகளுக்கு என் ஆசி.

அணியத்துத் தாழ்ப்பாள் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அடுப்பு உங்கள் படகில் வாசல் படிக்கட்டருகே இருக்கிறதா? அங்கே தீப்பிடித்தால் வெளியேற மிஞ்சும் வழி அந்த மேல்திறப்பு ஒன்றுதான். இருட்டில், புகையில், திருப்புளி தேடாமல் உங்கள் மகளால் உள்ளேயிருந்து ஒரே கையால் அதைத் திறக்க முடியுமா?

செம்பூர் கண்ணன் | டிசம்பர் 10, காலை 7.18

முடியாது, ஐயா. ஒரு தாழ்ப்பாளுக்குத் திருப்புளி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய்க் கழற்றிவிட்டு, கையால் இழுக்கும் வகையை மாட்டுகிறேன். மகளைக் கண்ணைக் கட்டித் திறந்துபார்க்கச் சொல்கிறேன்.